ஊத்தா, கச்சா, கொசுவலை: கண்மாய் மீன்பிடித் திருவிழாவுக்கு என்ன விதி வைக்கலாம்?

கேள்வி: எங்கள் ஊர் மேலூர் பக்கம். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் கண்மாய், சுமார் 50 ஏக்கர். கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையான மீன்பாசி குத்தகை முடிந்ததும், சித்திரை கடைசியில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவோம். சென்ற முறை பெரிய வாளை இரண்டு, விலாங்கு ஐந்தாறு, ஆமைகள் சில அகப்பட்டன. இவற்றில் சில அருகி வருபவை என்று பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பிறகு, இந்த ஆண்டு வலைக்கு விதி வைக்க ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். வலைத் துளையான கண்ணிக்கு என்ன அளவு வைக்கலாம்? கொசுவலையைத் தடுத்தால் அயிரை கிடைக்காது என்கிறார்கள். வாளை குஞ்சுகளைத் தின்றுவிடும், அதை விடவே கூடாது என்கிறார் குத்தகைக்காரர். கடலில் இருப்பதுபோல இரண்டு மாதத் தடை வைத்தால் போதாதா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரிய பிழை நேரக்கூடிய இடம் அதுதான். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அது கடல் மீனுக்காகப் போட்ட கணக்கு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 கண்மாய்க்குப் பொருந்தாது. அதே தேதிகளைக் கண்மாய்க்கு வைத்தால் திருவிழா நின்றுபோகுமே தவிர, ஒரு மீன்கூடக் கூடுதலாக இனம் பெருக்காது. நம் கண்மாய் மீன்களில் பெரும்பாலானவை புதுத்தண்ணீர் வந்து, கரையோரப் புல்லும் பயிர்த்தாளும் மூழ்கும்போது முட்டையிடுகின்றன. மேலூர் பக்கம் அது கால்வாயில் தண்ணீர் திறந்து, ஐப்பசி, கார்த்திகை மழையும் சேரும் காலம். ஆகவே உங்கள் தடை நாட்காட்டியைப் பார்த்து வரக்கூடாது, தண்ணீரைப் பார்த்து வரவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெளிவாகட்டும். உங்கள் கண்மாயில் முதல் இடம் வாளைக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவாய்ப்பு இனம். வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்திருக்கும், வாய் நிறைய ஊசிப் பற்கள், இரண்டு இணை மீசை, முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, வால் பிளவில் மேல்பகுதி நீளம். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அடுத்தது விலாங்கு, அச்சுறு நிலையை நெருங்கிய இனம். இதை ஆரலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆரலுக்கு மூக்கு கூர்ந்து நீண்டிருக்கும், முதுகில் வரிசையாக முள் இருக்கும். விலாங்குக்கு முதுகில் முள்ளே கிடையாது. ஆமைகளுக்குச் சட்டமே நேரடியாகக் காவல். தோல்போல மழமழவென்ற ஓடும், காலை உள்ளிழுத்தால் மூடிக்கொள்ளும் மடலும் உள்ள நம் கண்மாய் ஆமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வலையில் தானாக விழுந்ததை உடனே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதைத் தண்டோரா போடும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி கண்ணி. கண்ணி அளவு என்று சொன்னதும் கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், வலை கட்டுபவர் இன்னொன்றைச் சொல்வார். ஒரு முடிச்சுக்கும் பக்கத்து முடிச்சுக்கும் உள்ள தூரம் ஒரு கணக்கு. கண்ணியை நீளவாட்டில் இழுத்துப் பிடித்தால் எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையில் வரும் தூரம் இன்னொரு கணக்கு. இரண்டாவது முதலாவதைப்போல இரு மடங்கு. ‘நாற்பது’ என்று மட்டும் தீர்மானம் எழுதினால், முடிச்சுக்கு முடிச்சு 20 மி.மீ. உள்ள வலையும் 40 மி.மீ. உள்ள வலையும் அதே சொல்லுக்குள் நுழைந்துவிடும். ‘இழுத்துப் பிடித்த கண்ணி’ என்று தீர்மானத்தில் சொல்லாகவே எழுதுங்கள்.

அளப்பதற்கு ஒட்டுப்பலகையில் 40 மி.மீ. அகலம், ஒரு சாண் நீளத்தில் பட்டைகள் நான்கைந்து வெட்டி, விளிம்பைத் தேய்த்து வையுங்கள். வலையை நனைத்த பிறகுதான் அளக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் இறுகியிருக்கும், அவற்றை விட்டு மூன்று வரிசை உள்ளே தள்ளிப் பத்துக் கண்ணியில் பட்டையை நுழைத்துப் பாருங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் நுழைய வேண்டும், அழுத்தி ஏற்றக்கூடாது. பத்தில் ஒன்றிரண்டு இறுக்கமாக இருந்தால் மன்னிக்கலாம். புது நூல்வலை நனைந்து முடிச்சு இறுகும்போது கண்ணி கொஞ்சம் சுருங்கும். அதனால் புதிதாகக் கட்டுபவர்களை 42 அல்லது 43 மி.மீ. வைக்கச் சொல்லுங்கள்.

40 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் அளவல்ல, உங்கள் கண்மாய்க்கு என் பரிந்துரை. இழுத்துப் பிடித்த அளவு 40 என்றால் கண்ணியின் முழுச் சுற்று 80 மி.மீ. உடல் சுற்றளவு 8 செ.மீ.க்குக் குறைந்த மீன், கண்ணி விரிந்திருந்தால் நழுவிப் போய்விடும். ‘விரிந்திருந்தால்’ என்பதுதான் சிக்கல். வைரக்கட்டம்போலத் தொங்கும் வலை, சுமை ஏறினால் நீண்டு மூடிக்கொள்ளும். பை நிறைய மீனும் சேறும் சேர்ந்த பிறகு கண்ணி அளவு பெயருக்குத்தான். அதனால் சட்டத்தில் வலை கட்டிய கைவலையான கச்சாவுக்கு வலை கட்டும்போது சட்டத்தில் சதுரக் கட்டமாக நிற்கும்படி திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் கிடையாது, நழுவுகிற குஞ்சு அதிகமாகும்.

மேலும் கீழும் திறந்த குச்சிக் கூடையான ஊத்தாவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மீனை உயிரோடு, கையால் தொட்டு எடுக்கும் கருவி அது, தப்பான மீனைக் காயமில்லாமல் விட்டுவிடலாம். இரண்டு திருத்தம் மட்டும். குச்சிகளுக்கு இடையில் அடிப்பக்கம் 3 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், சுற்றிக் கொசுவலை தைத்த ஊத்தாவை உள்ளே விடாதீர்கள். குச்சி முனை கூராக இருந்தால் சேற்றில் புதைந்திருக்கும் ஆமையின் ஓட்டையும் மீனின் முதுகையும் துளைத்துவிடும். மூங்கிலாக இருந்தால் முனையை மழுக்குங்கள், இரும்புக் கம்பியாக இருந்தால் நுனியை உள்பக்கம் வளைத்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் கால்விரலுக்கும் அதுவே பாதுகாப்பு.

வீச்சு வலையைக் கூட்டத்துக்குள் அனுமதிக்காமல், ஒரு பக்கக் கரையை ஒதுக்கிக் கொடுங்கள். மெல்லிய நைலான் இழையால் ஆன நரம்பு வலையைத் திருவிழா நாளில் முழுதாகத் தடுப்பதே நல்லது. அதைக் கட்டிவிட்டு ஆள் நகர்ந்துவிடுவார், உள்ளே மாட்டியது என்னவென்று யாரும் பார்ப்பதில்லை. ஆமைக்கும் விராலுக்கும் மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும், தண்ணீருக்குள் கட்டுண்டு கிடந்தால் அவை மூழ்கிச் சாகும். மீன் மூழ்கிச் சாகுமா என்று யாராவது கேட்டால், விரால் சாகும் என்று சொல்லுங்கள். மீன் நுழைந்தால் வெளியேற முடியாத கூடைப் பொறியான பறி வைப்பவர்களுக்கும் இதே காரணத்தால் ஒரு நிபந்தனை: பறியின் மேற்பகுதி தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும்.

இவ்வளவு செய்தும் வாளையைக் காப்பாற்ற முடியாது. இதைத்தான் நீங்கள் கூட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய கண்ணி காப்பது குஞ்சை. வாளையில் முட்டையிடும் வயதுக்கு வந்தது கட்லாவைவிட நீளமானது. எந்தக் கண்ணி கட்லாவைப் பிடிக்குமோ அது வாளையையும் பிடிக்கும். சுற்றளவு பொருந்தாவிட்டாலும் பல்லும் தாடையும் நூலில் சிக்கிவிடும். பெரிய வாளைக்குக் கண்ணி அளவால் பாதுகாப்பு இல்லை, இடத்தால்தான் பாதுகாப்பு. தண்ணீர் வற்ற வற்ற எல்லா மீனும் ஆழமான குழிக்கு ஒதுங்கும், கூட்டமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அந்தக் குழியை ஊர் விட்டுக்கொடுக்க வேண்டும். ‘நல்ல மீனெல்லாம் அங்கேதானே’ என்ற முணுமுணுப்பு எழும். அது உண்மையும்கூட. அதனால்தான் அந்தக் குழி.

குழியின் அளவைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். கோடையில் நாளொன்றுக்கு 7 மி.மீ. ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், புதுத்தண்ணீர் வரும்வரை 150 நாளில் ஒரு மீட்டருக்கு மேல் வற்றும். ஊறிப்போவது தனி. திருவிழா அன்று குழியில் 2 மீட்டர் தண்ணீர் இல்லாவிட்டால், ஆவணியில் மீன் சேற்றில் கிடக்கும். 15 மீட்டருக்கு 15 மீட்டர், 2 மீட்டர் ஆழம் என்றால் 450 கன மீட்டர். பாதி வற்றிய பிறகும் மூச்சுமுட்டாமல் இருக்க, கன மீட்டருக்கு 100 கிராம் என்ற கணக்கில், 22 கிலோவுக்கு மேல் மீன் விடக்கூடாது. அதிகமாக விட்டால் விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாய் திறக்கும், ஒரே இரவில் மொத்தமும் போய்விடும். மழை பொய்த்தால் டிராக்டர் டாங்கியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஏற்பாடு இருக்கட்டும். ஆழம் போதாவிட்டால் தூர்வாரும்போது அந்த இடத்தை மட்டும் கூடுதலாகத் தோண்டச் சொல்லிக் கேளுங்கள். கண்மாயால் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. மண்ணைத் தொடுமுன் அவர்கள் அனுமதி வேண்டும்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பே குழியைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குக் கரம்பை மண்ணால் வரப்பு கட்டிவிடுங்கள். வலை கட்டித் தடுத்தால் அந்த வலையே மீனைப் பிடிக்கும், கலங்கிய தண்ணீரும் உள்ளே போகும். நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி மிதித்ததும் அடிச்சேற்றின் நச்சுக்காற்று கிளம்பி, தண்ணீரில் உயிர்வளி இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் குஞ்சை ‘விட்டுவிட்டேன்’ என்று போட்டால் அரைமணியில் செத்து மிதக்கும். விடுகிற மீனெல்லாம் வரப்புக்கு உள்ளே போக வேண்டும் என்பது இதனால்தான். இரவில் திருட்டு வலை விழாமலிருக்க, இலை உதிர்ந்து காய்ந்த சீமைக் கருவேல முள்ளைக் குழிக்குள் போடுங்கள். பச்சை முள் போட்டால் இலை அழுகி, நாமே மீனைக் கொன்றதாகும்.

திருவிழாவைத் தொடங்கி வைக்க வெள்ளைத் துண்டு வீசுவதற்கு முன் ஒரு மணி நேரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். கரைக்கு வரும் பாதைகளை இரண்டாகக் குறைத்து, பாதைக்கு இரண்டு பேரைப் பட்டையோடு நிறுத்துங்கள். கொசுவலை, சேலை, வேட்டி கொண்டுவருபவரிடம் அதை வாங்கி, பெயர் எழுதி வைத்து, திரும்பும்போது கொடுத்துவிடலாம். வெளியூரிலிருந்து வந்தவரை வெறுங்கையோடு நிற்க வைக்காதீர்கள், ஊர்ப் பொதுவில் இருபது முப்பது கச்சா இரவல் கொடுக்க இருந்தால் சண்டை வராது. விடிந்ததும் இறங்க வேண்டாம், தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். வெயில் ஏறிய பிறகும் கூடாது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு ஏறிவிடலாம். கண்மாயின் நாலு பக்கமும் 100 லிட்டர் அண்டாவில் தெளிந்த தண்ணீர் வைத்து, பக்கத்துக்கு ஒரு ஆளை நிறுத்துங்கள். அகப்பட்ட வாளையையும் விலாங்கையும் அவரிடம் கொடுத்தால் அவர் குழிக்குக் கொண்டுபோவார்.

கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த துண்டால் பிடித்தால் மேல்வழுவழுப்பு உரிந்து, சில நாளில் பூஞ்சை பிடித்துச் சாகும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கிய மீனை விடுவதில் பயனில்லை, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கி எடுங்கள். வலையில் பல் சிக்கியிருந்தால் இழுக்காமல் நூலை அறுத்துவிடுங்கள். ஒரு கண்ணியை அரைமணியில் பின்னிவிடலாம்.

எல்லாவற்றையும் திருப்பி விட்டுவிடவும் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட மீன். தட்டையான, சொரசொரப்பான தலை, நாலு இணை மீசை, முதுகு நெடுக ஓடும் நீண்ட துடுப்பு. வாளையோடு ஒப்பிட்டால் முதுகுத் துடுப்பு ஒன்றே போதும், அடையாளம் தெரிந்துவிடும். கண்ணாடித் தொட்டிகளிலிருந்து வந்து சேரும், உடம்பெல்லாம் கவசம் போர்த்த ‘டேங்க் கிளீனர்’ மீனையும் திருப்பி விடக்கூடாது. இவற்றைக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள்.

அயிரைக்கு வருகிறேன். மதுரைப் பக்கத்தில் அயிரைக் குழம்பை விட்டுக்கொடுக்கச் சொல்வது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. வளர்ந்த அயிரையே விரல் நீளம்தான், அதற்குச் சிறு கண்ணி தேவை என்பது சரி. ஆனால் அயிரை இருப்பது மணல் அடியுள்ள ஆழமில்லாத ஓரத்தில். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக அயிரைக்கென்று ஒரு நாள் விடுங்கள். முழங்காலுக்குக் கீழான தண்ணீரில், பகலில், ஆளுக்கு ஒரு முறம் அகலமுள்ள சிறு வலை. இழுத்ததும் தண்ணீரிலேயே வைத்துப் பொறுக்கி, மற்றக் குஞ்சுகளை அங்கேயே விட வேண்டும். கோடைக்குள் வாளைக் குஞ்சு வளர்ந்து ஆழத்துக்குப் போயிருக்கும், அதனால் இழப்பு குறைவு. அதே வலையைக் கார்த்திகையில் போட்டால், ஒரு முறத்தில் அள்ளுவது அடுத்த ஆண்டு மீனின் பெரும்பகுதி.

குத்தகைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாளை குஞ்சைத் தின்னும். அதற்கு மருந்து வாளையைக் கொல்வது அல்ல, பெரிய குஞ்சாக விடுவது. இரண்டு மூன்று செ.மீ. குஞ்சை ஆயிரக்கணக்கில் கொட்டினால் வாளை மட்டுமல்ல, விரால், நீர்க்காகம், கெளுத்தி எல்லாவற்றுக்கும் அது விருந்து. 10 செ.மீ.க்கு மேல் வளர்த்து எண்ணிக்கையைக் குறைத்து விடச் சொல்லுங்கள். குஞ்சுக்குக் கொடுக்கும் விலை கூடும், பிழைப்பதும் கூடும்.

அவருடைய செவுள் வலைக்கும் ஒரு கணக்கு உண்டு. விற்க நினைக்கும் எடையுள்ள மீன் ஒன்றை எடுத்து, உடம்பு பருத்த இடத்தில் நூலைச் சுற்றி அளந்து, மி.மீ. கணக்கில் 2.4-ஆல் வகுத்தால் இழுத்துப் பிடித்த கண்ணி அளவு கிடைக்கும். சுற்று 30 செ.மீ. என்றால் 125 மி.மீ. அந்தக் கண்ணியில் குஞ்சும் நடுத்தர மீனும் மாட்டாது, அவருக்கும் நல்ல விலை. வலையைக் கயிற்றில் கோக்கும்போது 100 மீட்டர் வலையை 40, 50 மீட்டர் கயிற்றில் திணித்தால் அது தொளதொளவென்று தொங்கி, ஆமை, வாளை, நீர்க்காகம் எல்லாவற்றையும் சுருட்டும். 60 மீட்டர் கயிற்றில் கோத்தால் கண்ணி விறைப்பாக நின்று, சுற்றளவு பொருந்தும் மீனையே பெரும்பாலும் பிடிக்கும். இரவெல்லாம் கட்டிவைக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். மதகு, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் வாய் மூன்றிலிருந்தும் 50 மீட்டருக்குள் வலை கூடாது. அறுந்த நரம்பு வலைத் துண்டுகளைக் குத்தகை முடியும்போது அவரே பொறுக்கி எடுத்துக் கரையேற்ற வேண்டும், முள்ளில் சிக்கிக் கிடக்கும் துண்டு ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றை அடுத்த ஏல நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் யாருக்கும் கட்டாயமில்லை.

குவாரித் தோட்டா, பூச்சிமருந்து, பிளீச்சிங் பவுடர், கரண்டுக் கம்பி இவற்றுக்கு ஊர்த் தீர்மானம் தேவையில்லை. வெடியும் நஞ்சும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். கரண்டு, மீனோடு ஆளையும் கொல்லும். கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், ஊருக்குள் பேசித் தீர்க்க வேண்டாம். உங்கள் கண்மாய் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் எல்லைக்குள் வந்தால், விதிகளை முடிவு செய்யுமுன் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் பேசியாக வேண்டும். வராவிட்டாலும், உங்கள் ஊராட்சிக் குழுவின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் வாளை, விலாங்கு, ஆமை அகப்பட்ட எண்ணிக்கையை ஆண்டுதோறும் எழுதிவையுங்கள். விதி வேலை செய்கிறதா என்று மூன்றாண்டு கழித்துப் பார்க்க வேறு வழியில்லை.

தொடக்கத்தில் சொன்ன தடைக்காலம் இதுதான். வரத்துக்காலில் புதுத்தண்ணீர் நுழைந்த நாளிலிருந்து 45 நாள், வரத்துக்கால், கரையோரப் புல்வெளி, கலுங்கு மூன்றிலும் எந்த வலையும், பறியும், ஊத்தாவும் கூடாது. தண்ணீரை எதிர்த்து ஏறும் மீனைக் கலுங்கடியில் பறி வைத்து அள்ளுவது நம் பக்கத்துப் பழக்கம். அந்த இரவுகளில் அகப்படுவது முழுக்கச் சினை மீன், ஒரு வாளையின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் முட்டை. விலாங்குக்கோ நேர் எதிர். அது கண்மாயில் முட்டையிடாது, வளர்ந்த பிறகு கடலுக்குப் போய்த்தான் இனம் பெருக்கும். நீங்கள் குழியில் விட்ட விலாங்கு கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் இருட்டில்தான் வெளியேறும். ஏறும் வாளைக்கும் இறங்கும் விலாங்குக்கும் வாசல் ஒரே கலுங்கு. திருவிழா அன்று நாற்பது பேரைக் காவலுக்குப் போடுகிற ஊர், மறுகால் பாயும் முதல் பத்து இரவுக்கு இரண்டு பேரைக் கலுங்கில் படுக்க வைத்தால் போதும். ஊர்ப் பொதுப்பணத்தில் அவர்களுக்குக் கூலி ஒதுக்குவதை இந்தக் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.